ஹாலுக்கு வந்த இலையுதிர்காலம்

"ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா வெண்டெல்! இப்பதான் தரையைத் துடைச்சேன்," ஏணியின் மேலிருந்து கத்தினார் லொரெட்டா அம்மாள்.

வெண்டெல் கை நிறையப் பூசணிக்காய்களோடு வாசலிலேயே நின்று, ஷூவைக் காலாலேயே உதறினார். அதற்குள் ஒரு பூசணி நழுவி ஹாலுக்குள் உருண்டது.

"சின்னதா கேட்டேன். இது ஒவ்வொண்ணும் உன் தலை சைஸுக்கு இருக்கு."

"உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லப் போற. அதானே?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நீயே சொல்லிட்டியே."

மூன்று மணிக்கு, விலைக்கு வந்திருக்கும் இந்த வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். கோடையில் நான்கு குடும்பங்கள் வந்து பார்த்தன. ஒருவரும் திரும்பி வரவில்லை. 'சுவரும் கூரையும் நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள யாரும் சந்தோஷமா வாழ்ந்த மாதிரியே தெரியலையே' என்று வீட்டுத் தரகர் பெண்மணி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இன்னும் மூன்று வாரத்தில் பனி விழுந்துவிடும். அப்புறம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள இந்த மலையூருக்கு, வீடு பார்க்கவென்று யாரும் வசந்தம் வரை ஏறி வரமாட்டார்கள்.

அதனால்தான் இந்த அவசரம். கடையில் எதுவும் வாங்காமல், கைவசம் இருப்பதை வைத்தே ஹாலை மாற்றிவிடுவது என்று லொரெட்டா கிளம்பிவிட்டார். சிவந்த மேப்பிள் இலைகளை மெழுகுத்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டு, நூலில் கோத்துத் தோரணமாக்கியிருந்தார். அதைத்தான் இப்போது, குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்புக்கு மேலே கட்டிக்கொண்டிருந்தார்.

"சுவத்துல அந்த இடம் மட்டும் வெளுப்பா தெரியுதே," என்றார் வெண்டெல்.

"நம்ம கல்யாணப் படம் இருந்த இடம். வீடு பாக்க வர்றவங்களுக்கு நம்ம மூஞ்சி எதுக்கு? ரெண்டு இலையைக் கீழ இறக்கிவிட்டா மறைஞ்சிடும். சரி, அந்தப் பச்சை ஸ்வெட்டரைக் கழட்டு."

"போட்டிருக்கறதையா?"

"முழங்கையில ஓட்டை. வெட்டித் தலையணைக்கு உறை தைக்கப் போறேன்."

"இது நீ பின்னினது, லொரெட்டா."

"அதான் எங்க வெட்டணும்னு எனக்குத் தெரியும். குடு."

அவர் கழற்றிக் கொடுத்தார். கத்திரிக்கோல் ஓடுவதை மட்டும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்தது சோபா. டிவியைப் பார்த்துக் கிடந்ததை இருவருமாகத் தூக்கிக் கணப்பைப் பார்க்கத் திருப்பினார்கள்.

"இதை இப்படிப் போடுன்னு முப்பது வருஷமா கத்துனேன்," என்றார் லொரெட்டா மூச்சு வாங்க.

"இப்படிப் போட்டா மேட்ச் தெரியாதே."

"மேட்ச் பாக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டியா?"

"அதான் இன்னிக்குத் திருப்பிட்டேன்ல?"

"ரொம்பச் சீக்கிரம்!"

இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. பூசணிகளுக்கு வெள்ளையடித்து ஜன்னலோரம் அடுக்கினார்கள். மேசைக்குச் சாக்குத் துணி விரிப்பு. அடுப்பில் ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் இலவங்கப்பட்டையும் போட்டு லொரெட்டா தண்ணீரைக் கொதிக்கவிட, வீடு முழுக்க வாசனை பரவியது.

கணப்புக்கு முன்னால் வெண்டெல் ஒரு காபிக் கோப்பையை வைத்தார்.

"ரெண்டு வை. ஒண்ணு வச்சா யாரோ தனியா கிடக்கற மாதிரி இருக்கும்," என்றார் லொரெட்டா. "வச்சதுதான் வச்சோம், குடிச்சிடலாம். உனக்கு மூணு சர்க்கரைதானே?"

"சர்க்கரையை விட்டுட்டேன்."

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா."

லொரெட்டா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு காபியை ஊற்றினார். புதிதாகத் திருப்பிய சோபாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். நெருப்பு படபடத்தது. வெளியே இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

"நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றார் வெண்டெல்.

"ம்."

மூன்று மணிக்குத் தரகர் பெண்மணி ஒரு இளம் ஜோடியை அழைத்து வந்தாள். கேலப், டெஸ்ஸா. கல்யாணமாகி நாலே மாதம். டெஸ்ஸா ஹாலுக்குள் இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தோரணத்தைப் பார்த்தாள். சோபாவில் கிடந்த பச்சைத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

"கேலப், இந்த ஹாலைப் பாத்தாலே தெரியலை? இங்க இருந்தவங்க எவ்வளவு ஒத்துமையா இருந்திருப்பாங்கன்னு! நாமளும் இப்படித்தான் இருக்கணும்."

கேலப் மாடி ஏறிக்கூடப் பார்க்கவில்லை. "எடுத்துக்கறோம்," என்று தரகரிடம் சொல்லிவிட்டு வெண்டெலின் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், இத்தனை வருஷம் சேர்ந்து இருக்கறதுக்கு என்ன ரகசியம்? எனக்கும் சொல்லுங்க."

"மனைவி சொல்றதைக் கேக்கணும்," என்றார் வெண்டெல். "சொன்ன அன்னிக்கே கேக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். லொரெட்டா மட்டும் கோப்பைகளை எடுக்கக் குனிந்தார்.

"இவ்வளவு அழகான வீட்டை விட்டுட்டு ரெண்டு பேரும் எங்க போகப் போறீங்க?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

"நான் எங்க அக்கா ஊருக்குப் போறேம்மா," என்றார் லொரெட்டா. "இவரு ஏப்ரல் மாசமே ஒரு வாடகை ரூமுக்குப் போயிட்டாரு, எங்களுக்கு விவாகரத்து ஆன அன்னிக்கே."