ஹாரியட் மலையில் சமையல்

மெயின்லேண்டில் தான் இமயமலை ஏறிய கதையைக் கிருஷ்ணமூர்த்தி அந்தமானின் ஹேடோ குவார்ட்டர்ஸில் சொல்லாத நாளில்லை.

கேட்டுச் சலித்த கண்ணையா ஒருநாள், "முப்பது பவுண்டு மூட்டையோட ஹாரியட் மலை ஏறுங்க சார், நானும் பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வமும் மூட்டையோட வர்றோம். நடுவுல இறக்கினீங்கன்னா இமயமலைக் கதை கதம், அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது," என்றார்.

அரிசி கிருஷ்ணமூர்த்திக்கு, பருப்பும் காய்கறியும் பன்னீர்செல்வத்துக்கு, பாத்திரங்கள் கண்ணையாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள்.

மலையடிவாரத்துப் பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரியை விட்டு இறங்கியதுமே கிருஷ்ணமூர்த்தி முன்னால் பாய்ந்தார். மற்ற இருவரும் முதுகை வளைத்து, முக்கி முனகிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

"ஜல்தி ஆவோ. இமயமலையில இதை மேடுன்னுகூடச் சொல்லமாட்டான்."

"உங்களுக்கு இரும்பு உடம்பு சார்," என்றார் பன்னீர்செல்வம்.

நடுப்பகலில் உச்சி வந்தது. பந்தயத்தில் ஜெயித்த கிருஷ்ணமூர்த்திக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. "கண்ணையா, உலையை வை."

கண்ணையா அசையவில்லை. "முதல்ல அரிசியை எடுங்க சார்."

கிருஷ்ணமூர்த்தி அசடு வழிய மூட்டையை அவிழ்த்தார். உள்ளே இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகள். "உங்க சாமான்லயே சமாளிச்சுடலாம்னு நெனச்சேன்..."

பன்னீர்செல்வம் தன் மூட்டையை அவிழ்த்தார். அதிலும் தலையணைதான். கண்ணையாவின் மூட்டையில் பூப்போட்ட உறையோடு ஒரு திண்டே இருந்தது.

"சரி, படுங்க," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "இமயமலையிலயும் இப்படித்தான். முதல்ல ஓய்வு, அப்புறம்தான் சாப்பாடு."