நாற்பத்தேழாம் நம்பர் தட்டு

"செத்துச்சா, இல்ல இன்னும் உசிரோடதான் இருக்கா அந்தச் சனியன்?"

ஆய்வுக்கூடத்தின் இரும்பு கேட்டைக் கைத்தடியால் தட்டிக்கொண்டே கெங் கத்தினார். சீனாவின் அன்யாங் நகரத்தில் வியாழக்கிழமை விடிந்துவிட்டது என்பதற்கு வேறு அடையாளமே வேண்டாம்.

மாடியிலிருந்து ஷுவே நிங் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். படித்த பெண், ஆராய்ச்சியாளர், ஆனால் இந்த மனிதரைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உசிரோடதான் இருக்கு. போன வாரத்தைவிட நல்லாவே இருக்கு. போதுமா?"

"வெக்கமா இல்ல உனக்கு? இத்தனை மெஷினு, இத்தனை கண்ணாடிக் குப்பி. நகக்கண் அளவு சதையைக் கொல்லத் துப்பில்ல. நீயெல்லாம் ஒரு டாக்டரம்மா!"

"மலையிலேர்ந்து மூணு மணி நேரம் பஸ் ஏறி வந்து திட்டறீங்களே, உங்களுக்கு வேற வேலையே கிடையாதா?"

"அறுத்த தினை அடிக்காம அப்படியே கிடக்கு. ஆனா உன்னைத் திட்டலைன்னா எனக்குச் சோறு இறங்காது."

கெங்கின் மனைவி ஃபெங்யிங் இரண்டு வருடங்களுக்கு முன்னால் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவள். பிள்ளை குட்டி கிடையாது. முதலில் மருந்துக்குச் சுருங்கிய கட்டி, பிறகு அதே மருந்தைக் கொஞ்சமும் மதிக்காமல் வளர ஆரம்பித்தது.

அறுவை செய்து எடுத்தபோது, ஆராய்ச்சிக்கு ஒரு துண்டு கொடுக்கிறேன் என்று கைநாட்டு வைத்தவர் கெங்தான். அந்தத் துண்டிலிருந்து வளர்த்த செல்கள்தான் நாற்பத்தேழாம் நம்பர். ஃபெங்யிங் போன பிறகும் அவை தட்டுகளில் கொழுகொழுவென்று பெருகிக்கொண்டிருந்தன.

எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அந்தச் செல்கள் உள்ளே வந்ததை வாரி வெளியே கொட்டிவிட்டு மேலே வளரும். கொட்டுகிற வழியை அடைக்க இன்னொரு மருந்து வேண்டும். அதைத் தேடித்தான் ஷுவே நிங்கின் இரண்டு வருடமும் கரைந்திருந்தது.

"ஐயா, போய்ட்டு வாங்க. எனக்கு வேலை இருக்கு."

கெங் நகரவில்லை. "அடுத்த வாரம் புத்தாண்டு. எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கு ஓடிருவீங்க. அப்ப அதுக்கு யாரு தீனி வைப்பா?"

"நான்தான். அந்த மூதேவியால எனக்கு லீவும் கிடையாது, ஊரும் கிடையாது."

"ராத்திரி பனி கொட்டுதே. கரண்டு போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்கு. எப்பவும் முப்பத்தேழு டிகிரி."

"ம்ஹூம். எங்க ஊர்ல மனுஷன் விறைச்சுச் சாகறான், இதுக்குச் சீமான் வீட்டு வாழ்க்கை!" என்று கத்திவிட்டு, வந்த வேகம் தணிந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

"நீங்க கோவிச்சுக்காதீங்கம்மா" என்றார் காவலாளி தாவ். "பொண்டாட்டியைத் தின்னது அதுதானே? அது அழியறதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் சாவேன்னு வைராக்கியமா நிக்கறார்."

"எங்க டைரக்டர்கூட அப்படித்தான் நிக்கறார். மாசக் கடைசிக்குள்ள அது சாகலைன்னா என் ஆராய்ச்சியையே மூடிருவாராம்."

புத்தாண்டுக்கு ஊரே பட்டாசு வெடித்தபோது ஷுவே நிங் தனியாகத் தட்டுகளோடு மல்லுக்கட்டினாள். பழைய மருந்தையும், எட்டு மாதமாக அவள் சரிபார்த்துக்கொண்டிருந்த புது மருந்தையும் சேர்த்து ஊற்றினாள். மூன்றாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தவள் தன் கண்ணையே நம்பவில்லை.

திரும்பச் செய்தாள். அதையும் நம்பாமல் மூன்றாவது முறையும் செய்தாள். மூன்று முறையும் அதே முடிவு.

மாதக் கடைசி வியாழக்கிழமை, கைத்தடிச் சத்தம் கேட்டதும் அவள் படிகளில் தடதடவென்று ஓடி வந்தாள். டைரக்டரிடம் சொல்வதற்கு முன்னால் இந்த மனிதரின் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் அவள் மனதில் இருந்தது.

"வாங்க, வாங்க! இன்னைக்கு என்ன திட்டப்போறீங்கன்னு நானும் பார்க்கறேன். செத்துப்போச்சு!"

ஓங்கிய தடி அப்படியே நின்றது. "எது?"

"உங்க நாற்பத்தேழு! ரெண்டு மருந்தும் சேர்ந்து போட்ட போடுல மூணே நாள்ல மொத்தமும் காலி. எந்த மருந்துக்கும் கேட்காம வார்டுல கிடக்கறாங்களே, அவங்களுக்கு இனிமே ஒரு வழி பொறக்கும். உங்க வீட்டம்மாவைக் கொன்னதை நான் கொன்னுட்டேன்யா!"

தாவ் கைதட்டினார். ஷுவே நிங் இடுப்பில் கைவைத்து நின்றாள். இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தாள், வசவு வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

இரண்டும் வரவில்லை. கெங் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாமேவா?"

"நான் ஊத்தின தட்டுல ஒண்ணுகூடத் தப்பல!"

கிழவர் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பிறகு, இரண்டு வருடத்தில் முதல் முறையாக, சத்தம் போடாமல் பேசினார்.

"இந்த உலகத்துல என் ஃபெங்யிங்கோட உசிரு அங்க மட்டும்தாம்மா இருந்துச்சு... ஒரு துளியாவது எடுத்து வெச்சிருக்கியா?"