சைஸ் பிழைத்த ஜக்கெற்

"அங்க பார் தவமணி அக்காவை. ரூஜ் பக்கம் ரெண்டு கராஜ் வைச்ச பெரிய வீடு. ஆரோ போட்டுக் கழிச்ச ஜக்கெற்றுக்கு விலை குறைச்சுக் கேக்கிறா," என்று அன்ரனெற் யூஜினியின் காதுக்குள் சொன்னாள்.

யூஜினி எட்டிப் பார்த்தாள். உண்மைதான். தொங்கிக்கொண்டிருந்த பழைய ஜக்கெற்றுகளுக்குள் தலையை விட்டு, ஒவ்வொன்றாக மணந்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தார் தவமணி அக்கா.

"சீ, எனக்கெண்டா வெக்கமாக் கிடக்கு," என்றாள் யூஜினி.

ஒக்ரோபர் மாத ஞாயிறு. இலை கலர் மாறுறதைப் பார்ப்பம் என்று மல்வேர்னில் இருந்து ஊர்ச்சங்கம் பஸ் பிடித்து, வடக்கே ஒரு ஸ்கீ மலைக்கு எல்லாரையும் கூட்டி வந்திருந்தது. பனி இன்னும் விழவில்லை. மலை முழுக்க மஞ்சளும் சிவப்பும். அடிவாரத்தில் அந்த ஊர்ச் சனம் பூசணிக்காயும் அப்பிள் பலகாரமும் விற்றது. மண்டபத்துக்குள் ஸ்கீ கிளப்பின் பழைய சாமான் விற்பனை. மேலே போகிற கதிரை லிப்ற்றில் எங்கட சனம் சேலை பறக்கப் பறக்கக் குந்தியிருந்தது.

"பனிக்க மேல ஏறிப் போறது. பிறகு கீழ சறுக்கி வாறது. கீழதான் வாறதெண்டா ஏன் மேல போவான்?" என்று ஜெயரட்ணம் அண்ணை பஸ்ஸிலேயே கேட்டிருந்தார். ஆனாலும் லிப்ற்றில் முதல் ஆளாய் ஏறினது அவர்தான்.

கௌசியும் லிப்ற்றில்தான் போயிருந்தாள். இரண்டு சுவெற்றருக்கு மேல் ஒரு சால்வை. பாவம், ஆவணியில்தான் கனடா வந்தவள். யூஜினியின் பக்டரியிலேயே வேலை. விடியமுதல் பஸ்ஸுக்கு நிற்கவேணும். மார்கழிக் குளிரில் சால்வையோடு நின்றால் ஆள் விறைத்துவிடும்.

போன கிழமை யூஜினி சேர்ச்சில் சொல்லி ஒரு பழைய ஜக்கெற் எடுத்துக் கொடுத்தும் பார்த்தாள்.

"வேண்டாம் அக்கா. செத்த ஆக்களின்ரையாயும் இருக்கும். ஆறுதலாப் புதுசாவே வாங்கிறன்," என்றுவிட்டாள் கௌசி.

அந்த ரோசம் யூஜினிக்குப் பிடித்தது. தானும் அப்படித்தானே? வந்த வருசம் பழசு வேண்டவே வேண்டாம் என்று நின்றவள். நல்ல காலம், தவமணி அக்கா மகளுக்கு வாங்கின புது ஜக்கெற் சைஸ் பிழைத்து, இவளுக்கு அளவாக வந்தது. இன்றைக்கும் போட்டிருப்பது அதுதான். கொம்பனிக்காரன் திறப்புக் கொழுவவென்று, இழுத்துப் பூட்டிற சிப்பில் ஒரு கம்பி வளையம்கூட வைத்திருந்தான். யூஜினியின் லொக்கர் பூட்டின் திறப்பு எப்போதும் அதில்தான் தொங்கும்.

அப்படி அள்ளிக் கொடுத்த மனுசிக்கு இப்ப என்ன வந்தது?

"மோர்கேஜ் முறிக்குதாக்கும்," என்றாள் யூஜினி.

"போடி. கஞ்சத்தனம் வர மோர்கேஜ் வேணுமே?"

தவமணி அக்கா கடைசியில் ஒரு நீல ஜக்கெற்றை வாங்கிக்கொண்டு மூலையில் கிடந்த வாங்கில் போய்க் குந்தினார். போன பனிக்காலத்து லிப்ற் ரிக்கற் ஒன்று அதன் சிப்பில் ஒட்டுப்பட்டுக் கிடந்தது. அதை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு பெரிய கடையின் பைக்குள் ஜக்கெற்றை மடித்து வைத்தார்.

"பாத்தியே? புதுசெண்டு காட்டப்போறா," என்றாள் அன்ரனெற்.

திரும்பும்போது பஸ்ஸுக்குள் ஒரே பாட்டும் கூத்தும். அன்ரனெற்றும் யூஜினியும் ஒரு சீற்றில். முன் சீற்றில் கௌசி தனியே இருந்தாள். தவமணி அக்கா பையோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"பிள்ளை, உதை ஒருக்காப் போட்டுப் பார். மகளுக்கு வாங்கினது, சைஸ் பிழைச்சுப்போச்சு. கடைக்காரனும் திருப்பி எடுக்கிறானில்லை."

"புதுசோ அக்கா?"

"பின்ன என்ன?"

அந்த நீல ஜக்கெற்தான். யூஜினிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ரோசக்காரப் பிள்ளையை இப்படியும் ஏமாற்றுவதோ? இந்த இடத்திலேயே உடைத்துச் சொல்லிவிடுவது என்று சீற்றால் எழும்பினாள்.

கௌசி ஜக்கெற்றைப் போட்டுக் கைகளை விரித்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. வந்த நாளில் இருந்து அவள் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை யூஜினி கண்டதில்லை.

"இதென்ன அக்கா, சிப்பில ஒரு கம்பி?" என்று கௌசி கேட்டாள்.

தவமணி அக்காவின் முகம் செத்துப்போனது. ரிக்கற்றைச் சுரண்டி எடுத்தவர், அதை ஒட்டவென்று சிப்பில் கொழுவியிருந்த கம்பி வளையத்தை மறந்துவிட்டார்.

யூஜினி அந்தக் கம்பி வளையத்தைப் பார்த்தாள். அவளுடைய கை தானாகவே தன் சிப்புக்குப் போனது. லொக்கர் திறப்பு கைக்குள் தட்டுப்பட்டது. அதே கம்பி. அதே வளையம்.

அன்றைக்கும் சைஸ் பிழைச்சுப்போச்சு என்றுதான் தவமணி அக்கா தந்தவர்.

"அது வந்து, கௌசி..." என்று அன்ரனெற் வாயைத் திறந்தாள். யூஜினி அவளுடைய காலை ஓங்கி மிதித்தாள்.

"அது திறப்புக் கொழுவிறதுக்குக் கௌசி. நல்ல கொம்பனியின்ர புது ஜக்கெற்றுக்கு மட்டும்தான் வைப்பினம். இஞ்ச பார், என்ரையிலயும் இருக்கு."