பால்செம்பும் முழு லைசென்சும்

பொன்னப்பன் காரின் முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுழற்றினான். எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது.

இன்ஸ்பெக்டர் ஈஸ்வரமூர்த்தி பிள்ளை தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முன்சீட்டில் ஏறினார். இன்று பொன்னப்பனுக்கு லைசென்ஸ் பரீட்சை. பிள்ளைக்குச் செங்கல் என்ற ஊரின் சிவன் கோயிலில் திங்கள்கிழமை அபிஷேகம். இரண்டும் எப்போதும் ஒரே நாளில்தான் வரும்.

மோட்டார் ஓட்டப் படிக்கிறவர்களைச் சோதிக்கும் பொறுப்பைத் திருவிதாங்கூர் சர்க்கார் பிள்ளையிடம் ஒப்படைத்திருந்தது. அவருக்கு ஒரு கார் கொடுக்கத்தான் மறந்துவிட்டது. அந்தக் குறையைப் பரீட்சைக்கு வரும் கார்களைக் கொண்டு அவர் தாமே தீர்த்துக்கொண்டார்.

பதினெட்டு வயசுப் பையன்கள் ஒரேயடியாக டிரைவராகிவிட்டால் நாடு என்னாவது? படிப்படியாகத்தான் வரவேண்டும் என்பார். திரும்பும்போது கை காட்டிப் பழக அமரவிளை வரை போகவேண்டும். அங்கேதான் அவருடைய மைத்துனர் வீடு. கூட்டத்தில் ஓட்டிப் பழகப் பனச்சமூடு சந்தை. வாழைக்குலைகள் நசுங்காமல் வீடு வந்து சேர்ந்தால் அந்தப் படி தேறியது. கடைசிப் படி கோயில். பொன்னப்பன் மாசக்கணக்காக அந்தப் படியிலேயே நிற்கிறான்.

ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் பிள்ளைக்குக் குறை கண்ணில் படும். "வண்டியப் பின்னால எடுக்கது போராது மக்கா. அடுத்த திங்களாச்சை பாப்பம்."

உள்ளதைச் சொன்னால், பையன் ஓட்டினால் வண்டி நகர்வதே தெரியாது. பிள்ளையின் மனைவி பகவதியம்மாள் அபிஷேகப் பாலைத் திறந்த செம்பில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள்; ஒரு சொட்டு சிந்தியதில்லை. இப்படி ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் கொடுத்துக் கைகழுவ யாருக்கு மனசு வரும்?

ஆனால் நாகர்கோவில் ரோட்டில் ஒரு புது பஸ் வரப்போகிறது. இன்று சாயங்காலத்துக்குள் முழு லைசென்சோடு போனால் டிரைவர் வேலை பொன்னப்பனுக்கு, இல்லாவிட்டால் வேறொருவனுக்கு. காலையில் அவன் இதைச் சொல்லிக் கெஞ்சியபோது பிள்ளைக்குப் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த திங்கள்கிழமை மாட்டுவண்டியில் குலுங்கிக்கொண்டு போவதை நினைத்ததும் அந்தப் பாவம் போய்விட்டது.

பகவதியம்மாள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிள்ளை போகலாம் என்று கை காட்டினார்.

கார் குதித்தது. தலைப்பாகை மடியில் விழுந்தது. முதல் வளைவில் ரோட்டை விட்டு மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளைக்குள் இறங்கி, நாலைந்து செடிகளைச் சாய்த்துவிட்டு மறுபடியும் ரோட்டில் ஏறியது. எதிரே ஒரு வைக்கோல் வண்டி. பொன்னப்பன் ஸ்டீரிங் வளையத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்து, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டான். கார் வண்டியைத் தாண்டிக் குளத்தை நோக்கி இறங்கியது.

"எலே, நிறுத்துலே! ஒனக்கு லைசென்சுதானே வேணும்? இந்தா தாறேன், என்னை எறக்கி விடுலே!"

தண்ணீரைத் தொடாத குறையாகக் கார் நின்றது. பிள்ளை குதித்து இறங்கி, சூடான எஞ்சின் மூடியின் மேலேயே லைசென்ஸ் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இவன் ஓட்டும் வண்டியில் இனி ஜென்மத்துக்கும் ஏறுவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்தார். பஸ்ஸில் ஏறப்போகும் ஜனங்களைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமில்லை.

பொன்னப்பன் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிள்ளை ரோட்டுக்கு ஏறி நடந்ததும் காரைப் பின்னால் எடுத்தான். குளத்துக்கும் வைக்கோல் வண்டிக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக, ஒரு வைக்கோல்கூட உரசாமல், மெல்லப் பின்னேறி வந்து பிள்ளையின் பக்கத்தில் நிறுத்தினான்.

"ஏறுங்கோ ஏமானே. கோயில்ல கொண்டு விட்டுட்டுப் போறேன்."

பிள்ளை காருக்குள் எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் பகவதியம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை அமளியிலும் அவள் ஒரு சத்தம் போடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவள் மடியில் பால்செம்பு. இன்று மட்டும் அதன் வாயை வாட்டிய வாழையிலையால் மூடி, நாரால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

இலை வாட்டக் காருக்குள் அடுப்பு கிடையாது.