காதில் ஒரு துளை

குடற்புழுக்கள் ஆடுகளுக்கு மூப்பை விரைந்து கொணர்கின்றனவா என்று ஆராய்ந்துவந்த லோகேஸ்வரி, ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் வேலாயியின் கிடாவுக்கு எண்ணிட்ட கழுத்துப்பட்டையை எடுத்தாள்.

“காதுல ஓட்டை போட்டு நம்பர் மாட்டுவீங்களே, டாக்டர்?”

“பயப்படாதீங்கக்கா. பட்டையே போதும், காதைத் தொடமாட்டேன்.”

“இல்ல, காதுலயே போடுங்க. பெரிய ஓட்டையா!”

“புட்டிப்பால் குடுத்து வளர்த்த புள்ளைன்னீங்க. அதுக்கு வலிக்காதா?”

வேலாயியின் கண்கள் நிறைந்தன. “வீட்டுக்காரரு இத முனியாண்டிக்கு நேர்ந்துட்டாரு. வெள்ளிக்கிழமை வெட்டு. ஊனப்பட்ட கிடா சாமிக்கு ஆகாதுலா.”

லோகேஸ்வரி பட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுத் துளையிடும் கருவியை எடுத்தாள்.

“கெழடாகிச் சாகுறவரைக்கும் இது என் ஆராய்ச்சியில இருக்கணும்க்கா.”

கிடா ஒருமுறை கதறியது. வேலாயி மேட்டுக்கோயிலை நோக்கிக் கைகுவித்தாள்.

“கோவிச்சுக்காதப்பா. சக்கரைப்பொங்கல் வைக்கிறேன்.”