வேண்டாத புரோகிராம்

"இவ்வளவு குப்பையைச் சுமந்துக்கிட்டு இது மூச்சு விட்டதே பெரிசு" என்றான் குத்ரத், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

கணினி கண் திறப்பதற்குள் அவன் மனைவி ஷஹ்லோ தேநீர் போட்டே கொண்டுவந்துவிட்டாள். வழக்கப்படி கிண்ணத்தில் பாதி மட்டும் ஊற்றி நீட்டினாள்.

குத்ரத் இலையுதிர் காலத்தில் ரஷ்யாவிலிருந்து திரும்பியவன். சமாராவில், சந்தைக்குள் இருந்த ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை. அங்கே தங்குவதற்கான அனுமதித் தாள் காலாவதியாகிப் போனதைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். இனி சில வருஷங்களுக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

சொந்த ஊரான நமங்கானுக்கு வந்ததிலிருந்து வீட்டில் அவனுக்கென்று ஒரு வேலையும் அகப்படவில்லை. கூரை நன்றாகத்தான் இருந்தது. தோட்டத்தை அம்மா யாரையும் தொட விடுவதில்லை. இந்தக் கணினி ஒன்றுதான் அவன் கைக்காகக் காத்திருந்தது.

இதில் அவன் ராஜா.

கணினி இப்போது இருக்கிற நிலையை அப்படியே முதலில் சேமித்துக்கொண்டான். எங்காவது தவறினால் இந்த இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம். பிறகு, உள்ளே இருக்கும் புரோகிராம்களை வரிசையாகத் திரையில் வரவழைத்தான்.

"இந்த டாங்கிச் சண்டை விளையாட்டு யாரோடது?"

"உங்க தம்பி போட்டது. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவருக்கு வேற சண்டை இருக்கு. எடுத்துடுங்க."

எடுத்தான்.

"வேகத்தைக் கூட்டித் தர்றேன்னு ஒண்ணு உக்காந்திருக்கே?"

"நான் கூப்பிடலை. அதுவா வந்துச்சு."

"அப்ப வேகத்தைத் திருடுற திருடன் இவன்தான்."

குத்ரத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கடைக்கு வந்தவர்களிடம் பேசிய அதே குரலில் ஷஹ்லோவுக்கு விளக்கினான். பலர் இப்படிப்பட்ட புரோகிராமின் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். வேர் உள்ளேயே இருக்கும். முறைப்படி 'நீக்கு' கொடுத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

கொடுத்தான். திருடன் சும்மா போகவில்லை. பச்சை நிறத்தில் கொழுத்த பொத்தான் ஒன்றைக் காட்டினான்: 'வைத்துக்கொள்'. அதன் கீழே, கண்ணுக்கே தெரியாத சாம்பல் எழுத்தில், 'நீக்கு'.

"பாரு, என்ன தந்திரம்! படிக்காம மட்டும் எதையும் அமுக்கவே கூடாது" என்று சிரித்தபடி சாம்பல் எழுத்தை அமுக்கினான்.

கணினி திறக்கும்போதே கூடவே எழுந்துகொள்ளும் சில்லறைப் புரோகிராம்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினான். மேசைக்கடியில் அதுவரை இரைந்துகொண்டிருந்த விசிறி மெல்ல அடங்கியது. ஷஹ்லோ கிண்ணத்தை மறுபடி பாதி நிரப்பினாள்.

பட்டியலின் அடியில் இன்னொன்று இருந்தது.

பெயர் முழுக்க வட்டமும் கோடுமாக இருந்தது. யார் செய்தது என்றே தெரியவில்லை. உள்ளே போட்ட தேதியைப் பார்த்தான். கடைசி முறை அவன் சமாராவுக்கு ரயிலேறிய அதே வாரம்.

"வாங்க பெரிய மனுஷரே" என்றான். 'நீக்கு' கொடுத்தான்.

ஒரு கேள்வி வந்து நின்றது. அதுவும் வட்டமும் கோடும்தான். கீழே இரண்டு பொத்தான்கள். ஒரே அளவு, ஒரே நிறம்.

குத்ரத்தின் விரல் நின்றுவிட்டது.

ஷஹ்லோ அவன் தோளுக்கு மேல் குனிந்தாள். திரையில் இருந்ததைத் திக்காமல் திணறாமல் வாய்விட்டுப் படித்தாள். குரல் அவளுடையது. மொழியை அவன் இந்த வீட்டில் கேட்டதே இல்லை.

"'இதுவரைக்கும் படிச்ச பாடமெல்லாம் சேர்ந்து அழிஞ்சுடும், நிஜமாவே நீக்கணுமா'ன்னு கேக்குது. இடது பக்கம் இருக்கிறது 'ஆமா'. அமுக்குங்க. இனிமே எனக்குத் தேவைப்படாது."

"என்ன மொழி இது?"

"கொரிய மொழி."

உன் பெண்டாட்டி எப்போது பார்த்தாலும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள், கேரட் நறுக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று அம்மா போனில் புலம்பியதெல்லாம் அவனுக்கு நினைவு வந்தது. பாட்டுத்தானே, கேட்கட்டும் என்று அவன்தான் சமாதானம் சொல்லியிருந்தான்.

"தாஷ்கண்டுக்கு அக்காவைப் பார்க்கப் போனேன்ல, அது பரீட்சைக்கு" என்றாள் ஷஹ்லோ. "பாஸ் பண்ணிட்டேன். கொரியாவுல ஒரு தொழிற்சாலையில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. நவ்ரூஸ் பண்டிகை முடிஞ்சதும் கிளம்பணும்."

குத்ரத் திரும்பிப் பார்த்தான். ஷஹ்லோ தேநீர்க் குடுவையைப் பிடித்தபடி நேராக நின்றாள். அனுமதி கேட்கிற முகம் இல்லை அது. முதல் தடவை சமாராவுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று அவனும் இதே அறையில் இப்படித்தான் நின்றான். அன்று அவள் அழவில்லை, தடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

அதையே அவன் இப்போது கேட்டான்.

"அங்க ரொம்பக் குளிருமா?"

ஷஹ்லோவின் கண் நிறைந்துவிட்டது. சிரித்தாள். "சமாரா அளவுக்கு இல்லையாம்."

"வேண்டாங்கிறது வலது பக்கம்தானே?"

அவள் பதில் சொல்வதற்குள் அமுக்கிவிட்டான். கேள்வி மறைந்தது.

"இருக்கட்டும். எனக்கு ஆகும்" என்றான்.

முற்றத்தில் அம்மா அடுப்பிலிருந்து ரொட்டியைத் தட்டி எடுக்கும் சத்தம் கேட்டது. ஷஹ்லோ அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும்."

குத்ரத் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து வெளியே போனான்.

"அம்மா, அதைக் கீழ வச்சுட்டுக் கொஞ்சம் உக்காருங்க."