ஹையர் வேலை

"நான் என்ன, கடையில போட்டு நடந்து பார்க்குற செருப்பா? ஆறு மாசம் வச்சுப் பார்ப்பாங்களாம். பிடிச்சா எடுத்துப்பாங்களாம். பிடிக்கலைன்னா கழட்டி வச்சிடுவாங்களாம்!"

படுக்கையறையில் கணவர் குதித்துக்கொண்டிருந்தார். கையில் செல்போன். அதில் லிஃப்ட் கம்பெனியிலிருந்து வந்த மெயில்.

"மெதுவாப் பேசுங்க. அம்மா ஹால்ல இருக்காங்க," என்றாள் மனைவி.

"'காண்ட்ராக்ட் டு ஹயர்'னு பேரு வேற! பதினாறு வருஷம் பர்மனென்ட்டா இருந்தவன்டி நான்."

"நீங்க பர்மனென்ட்தான். கம்பெனிதான் டெம்பரரியாப் போயிடுச்சு."

அது உண்மை. அவர் ஸ்டோர் கீப்பராக இருந்த மோட்டார் கம்பெனியைப் போன வருடம் இழுத்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் யார் கண்ணிலும் படுவதில்லை. "இப்ப எங்க வேலை?" என்று எவராவது கேட்டுவிடுவார்களோ என்று, குப்பை கொட்டக்கூட இருட்டிய பிறகுதான் கீழே இறங்குவார்.

"வேணாம்னு எழுதிடப் போறேன். பர்மனென்ட் வேலை கிடைக்கும்போது போய்க்கிறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும்..." முகட்டைப் பார்த்தார். அங்கே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆறு மாசம் வச்சுப் பார்த்துட்டு எடுத்துக்கிற வசதி அன்னைக்கு எனக்கும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த மனைவி, அவர் முகம் போன போக்கைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்தது. மாமியார். அந்த அம்மாளுக்கு அவர் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் 'ஒலிபெருக்கி'. ஒரு விஷயம் அந்த அம்மாள் காதில் விழுந்தால் போதும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

"மாப்பிள்ளை, வேலை கிடைச்சிடுச்சா? ஹையர்னு என்னமோ காதுல விழுந்துச்சே!"

"அது வந்து அத்தை... காண்ட்ராக்ட் டு ஹயர்னு..."

"ஹையர்னா உசரம்தானே? அப்ப பெரிய பதவின்னு சொல்லுங்க! லிஃப்ட் கம்பெனியாச்சே, உசரத்துக்குக் கேட்கணுமா!"

"ஐயோ, அது இல்லை அத்தை..."

கேட்க அங்கே ஆள் இல்லை. செருப்புச் சத்தம் படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! வாட்ச்மேன் ஜன்னலைப் பார்த்தே சல்யூட் அடித்தார். எதிர் வீட்டு நர்ஸ் கைகொடுக்க வந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா அளவு டேப்போடு படியேறி வந்துவிட்டார்.

"ஹையர் ஆபீசருக்கு இந்தத் தொளதொளச் சட்டை சரிப்படாது. நிமிர்ந்து நில்லுங்க சார். கூன் போட்டா அளவு தப்பிடும்."

வேறு வழியில்லாமல் நிமிர்ந்தார்.

எல்லோரும் போனதும் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "உங்கம்மா என் மானத்தை வாங்கிட்டாங்க! இனிமே வேணாம்னு எப்படி எழுதுறது? கிடைக்கவே இல்லை, சும்மா கதை விட்டாங்கன்னுதானே பேசுவாங்க?"

"ஆமா. பேசுவாங்க."

"சரி, போய்த் தொலைக்கிறேன்!"

சம்மதம் என்று எழுதி அனுப்பினார். அதோடு மாமியாரிடம் பேச்சை நிறுத்தினார். சாப்பிடும்போது உப்பு மாமியார் கைக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், "உங்கம்மாகிட்ட உப்பு கேளு" என்று மனைவியிடம்தான் சொல்வார்.

முதல் நாள் வேலைக்குப் போனார். போனவருக்கு உம்மென்று இருக்க நேரம் கிடைக்கவில்லை. லிஃப்ட் உதிரிபாகங்களை ஸ்டோரில் கண்டபடி போட்டு வைத்திருந்தார்கள். மெக்கானிக்குகள் ஒரு போல்ட்டுக்காக அலையாய் அலைந்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு ரேக்கை அடுக்க உட்கார்ந்தவர், மதியம் தாண்டியதையே கவனிக்கவில்லை. "நாளைக்கும் வருவீங்கதானே சார்?" என்று ஒரு மெக்கானிக் கவலையோடு கேட்டபோது, அவருக்கு என்னமோ போல் சந்தோஷமாக இருந்தது.

மாலையில் விசிலடித்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். ஆனால் ஒரு முடிவோடுதான் ஏறினார். 'இன்னைக்கு அந்த அம்மாகிட்ட உண்மையை உடைச்சிடணும். ஹையரும் இல்லை, மண்ணும் இல்லைன்னு முகத்துக்கு நேரா சொல்லிடணும்.'

வளைவில் திரும்பும் முன்பே நர்ஸின் குரல் கேட்டது.

"பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அது உசரம்ங்கிற ஹையர் இல்லை. வேலைக்கு எடுக்கிற ஹயர். முதல்ல ஆறு மாசம் காண்ட்ராக்ட்ல வச்சுப் பார்ப்பாங்க. ஆஸ்பத்திரியில என்னையும் அப்படித்தான் எடுத்தாங்க."

"தெரியும்மா," என்றார் மாமியார்.

"தெரியுமா? அப்புறம் ஏன் ஊர் பூரா அப்படி..."

"மெதுவாப் பேசு. அவர் வேணாம்னு எழுதப் போறேன்னு சொன்னது ஹால் வரைக்கும் கேட்டுச்சு. நான் போய்ப் புத்தி சொன்னா எடுபடுமா? எந்த மாப்பிள்ளை மாமியார் பேச்சுக்குத் தலையாட்டியிருக்கார்? அதான் ஊர் பூரா உளறி வச்சேன். என்னைக் கூறு கெட்டவள்னு நினைச்சா நினைச்சுக்கட்டும். அந்த மனுஷன் தன்னையே ஒண்ணுக்கும் ஆகாதவன்னு நினைச்சுக்கிட்டு மூலையில கிடந்ததைத்தான் என்னால பார்க்க முடியலை."

ஒலிபெருக்கி இவ்வளவு மெதுவாகவும் பேசும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சத்தமில்லாமல் நாலு படி கீழே இறங்கினார். பிறகு, வீடே அதிரும்படி தடதடவென்று ஏறி வந்தார்.

மாமியாரின் குரல் உடனே பழைய இடத்துக்குத் தாவியது. "வாங்க மாப்பிள்ளை! ஆபீஸ் எப்படி? ரொம்ப உசரமோ?"

"ஏன் கேட்கிறீங்க அத்தை! ஜன்னல் வழியா கீழே பார்த்தா தலையே சுத்துது," என்றார், நாள் முழுக்க தரைக்குக் கீழே, கார் நிறுத்தும் பேஸ்மென்ட் ஸ்டோரில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்.